நான் சொல்லிக்கொடுத்த புள்ளடி

படிவம் நிரப்புவதில் என்னை மிஞ்ச ஏவன்டேலில் ஆள் இல்லை என்று நான் நம்பியிருந்த காலம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆக்லாந்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த நான், மவுண்ட் வெல்லிங்டனில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் சனி ஞாயிறுகளில் என் பழைய உத்தியோகம் திரும்பி வந்துவிடும். அக்கம்பக்கத்துத் தமிழர்களின் விசா விண்ணப்பம், வாடகைப் பத்திரம், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் தாள் எல்லாம் எங்கள் சமையலறை மேசைக்கு வந்துதான் போகும். எல்லோரும் என்னை ‘ஐயா’ என்றார்கள். வாரம் முழுக்க வாளி அடுக்குகிறவனை இரண்டு நாளாவது ஐயா என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் பிடிக்காது.

எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த, பதின்மூன்று வயது வரை படிக்கக்கூடிய தொடக்கப் பள்ளியில் படித்தாள். முதல் சில மாதங்கள் அவள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அந்தப் பள்ளியில் ஆங்கிலம் தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கென்று ஒரு சிறிய அறை இருந்தது. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் ஓர் ஆசிரியை அவர்களை வட்டமாக உட்கார வைத்துப் பேச வைப்பார். சமோவாப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள் எல்லோரும் பிழை பிழையாகப் பேசுவார்கள், யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். அங்கேதான் மகள் பேசத் தொடங்கினாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, வானொலியில் போகும் கார் விளம்பரம் ஒன்றை ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தாள். நானும் மனைவியும் அதை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டோம்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அந்த அறைக்குள் கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஆசிரியையை வேறு வகுப்புக்கு மாற்றியிருந்தார்கள். மகளை அவளுடைய வகுப்பின் கடைசி மேசையில் உட்கார வைத்து, நிறம் தீட்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். தாளில் ஒரு செம்மறியாடு. மறுநாளும் அதே ஆடு. ஒரு வாரத்தில் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு மந்தையே நின்றது. ஆடுகள் நன்றாகத்தான் இருந்தன. மகள்தான் மறுபடியும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தால் கழுத்துப் பட்டி தேடுவேன். டை கட்டிக்கொண்டு பள்ளி அதிபரைப் பார்க்கப் போனேன். அவர் நல்ல மனிதர். நாற்காலி கொடுத்தார், தேநீர் வேண்டுமா என்று கேட்டார், பிறகு அது தன்னுடைய முடிவல்ல, நிர்வாக சபையின் முடிவு என்றார். நிர்வாக சபை என்றால் யார் என்று கேட்டேன். பெற்றோர்கள்தான் என்றார். இந்த நாட்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சபை உண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை பெற்றோர்கள் தங்களுக்குள் ஐந்து பேரை வாக்குப் போட்டுத் தெரிவார்கள், அதிபரை நியமிப்பதுகூட அந்தச் சபைதான் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தை ஆள்வது கொழும்பில் இருக்கிற அமைச்சு. ஒன்று பிழைத்தால் கொழும்பைத் திட்டிவிட்டுப் படுத்துவிடலாம். இங்கே திட்டுவதென்றால் பக்கத்துத் தெருவில் இருப்பவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் தேர்தல் வருகிறது, விரும்பினால் நீங்களும் நிற்கலாம் என்றார் அதிபர். என்னை அறையிலிருந்து கிளப்புவதற்காகச் சொல்லியிருக்கலாம். நான் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

மனைவிக்குச் சிரிப்பு. அவள் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தாள். நான் சொன்னதைக் கேட்டு, வாக்குப் பெட்டிக்குப் பின்னால் நின்றே பழகியவர், முன்னால் நின்றால் தலை சுற்றப் போகிறது என்றாள். அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. ஊரில் நான் தேர்தல் வேலைக்குப் போனவன். வாக்குச் சாவடியில் இருந்திருக்கிறேன், வாக்கு எண்ணியிருக்கிறேன். தேர்தல் என்றால் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

வேட்பாளர்கள் தங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதைப் பள்ளி எல்லா வீடுகளுக்கும் அனுப்பும். நான் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று முறை திருத்தி எழுதினேன். என்னைப் பற்றி இரண்டு வரி. மீதி எல்லாம் சபையைப் பற்றி. முடிவெடுக்கிறவர்கள் அந்த முடிவால் பாதிக்கப்படுகிறவர்கள் முன்னால் வந்து நின்று பதில் சொல்ல வேண்டும், கேள்வி கேட்க முடியாத இடத்தில் இருப்பவர்களிடம் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாது என்று எழுதினேன். அந்த வரியைப் பல தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டேன். யாரோ பெரிய ஆள் எழுதியது போலவே இருந்தது.

ஐந்து இடத்துக்கு ஒன்பது பேர் நின்றோம். அந்தப் பள்ளியில் பதினேழு தமிழ்க் குடும்பங்கள். அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என வீட்டுக்கு இரண்டு வாக்கு. வாக்குப் போடும் வெள்ளைக்காரப் பெற்றோர்களே குறைவு என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் வாக்குகள் சிந்தாமல் சிதறாமல் விழுந்தால் நான் உள்ளே போய்விடலாம்.

தேவாலய மண்டபம் ஒன்றில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் பின்னால் நின்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். வாக்குச் சீட்டுகள் தபாலில் வருவதற்கு ஒரு வாரம் முன்னதாக அவர்களைக் கரும்பலகை முன்னால் உட்கார வைத்தேன். பலகையில் பெயர்களும் பெட்டிகளும் வரைந்து, என் பெயருக்கு நேரே இருந்த பெட்டிக்குள் ஒரு புள்ளடி போட்டேன். இரண்டு கோடு, ஒன்றையொன்று நடுவில் வெட்ட வேண்டும், கால்கள் பெட்டிக் கோட்டில் முட்டக் கூடாது. எங்கள் ஊரில் வாக்கு என்றாலே புள்ளடிதான். மலேசியாவிலிருந்து வந்திருந்த ஒரு தகப்பனும் தங்கள் ஊரிலும் இதே குறிதான் என்று தலையாட்டினார். எனக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

ஐந்து பேருக்குப் போடலாம், ஆனாலும் என் ஒருவனுக்கு மட்டும் போடுங்கள், மற்ற நான்கையும் வெறுமையாக விடுங்கள் என்றும் சொல்லிக்கொடுத்தேன். மற்றவர்களுக்குப் போடும் வாக்கு அவர்களை எனக்கு மேலே ஏற்றிவிடும் அல்லவா. தேர்தலில் பழம் தின்று கொட்டை போட்டவன் என்ற நினைப்பு. கொப்பித் தாளைக் கிழித்துக் கொடுத்து ஒவ்வொருவரையும் போட்டுக் காட்டச் சொன்னேன். கால் நீண்டவர்களைத் திருப்பிப் போட வைத்தேன்.

அன்றைக்கு அவர்களைச் சிரிக்க வைக்க ஒரு கதையும் சொன்னேன். ஊரில் வாக்கு எண்ணும்போது ஒரு சீட்டு வந்தது. அதில் புள்ளடி இல்லை. சின்னத்துக்கு நேரே, குழந்தை எழுத்தில், ‘இவருக்குத்தான்’ என்று எழுதியிருந்தது. எழுத்து இருந்தால் செல்லாது என்பது விதி. பக்கத்தில் இருந்தவர் இதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படிச் சொல்லுவான் என்று கேட்டார். நான் விதியைக் காட்டி அதை நிராகரித்த கட்டில் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சீட்டுகள் வந்தன. எனக்கு வந்த உறையைப் பிரித்து, நின்றபடியே என் பெயரைத் தேடிப் புள்ளடி போட்டேன். மேலே ஆங்கிலத்தில் நாலைந்து வரி இருந்தது. வாக்குப் போடுவது எப்படி என்று எனக்கு ஒரு தாள் சொல்லித்தர வேண்டுமா என்ன. மனைவி போடும்போதும் பக்கத்தில் நின்றேன்.

அந்த வாரம் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். தமிழ் வகுப்பில் எப்போதும் கடைசி வரிசையில் உட்காருகிறவர். விடியற்காலையில் நகரத்து அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலை. இவருடைய மகளும் என் மகளும் அந்த அறையில் ஒன்றாக இருந்தவர்கள். வாக்குச் சீட்டு வந்துவிட்டது என்றார். நல்லது, நான் சொன்ன மாதிரியே போட்டு அனுப்புங்கள் என்றேன். அவர் ஏதோ தயங்கினார். எனக்கு அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. தொலைபேசியை வைத்துவிட்டேன்.

வாக்கு எண்ணுவது ஒரு வியாழக்கிழமை பின்னேரம், பள்ளி நூலகத்தில். வேட்பாளரின் சார்பில் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். எனக்கு வேலை, மனைவி போனாள். நான் வீட்டுக்கு வந்தபோது அவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் மேசையில் இருந்தாள். மகள் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“தோத்திட்டியள்” என்றாள் மனைவி. “ஆனா அதில்லைக் கதை.”

பிறகு சொன்னாள். எண்ணியவர் பள்ளி அலுவலகத்துப் பெண்மணி, தலை நரைத்தவர், நிதானமானவர். உறைகளைப் பிரித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். பிறகு இன்னொன்று, இன்னொன்று. அந்தத் தாள்களிலெல்லாம் ஒரே ஒரு குறி, என் பெயருக்கு நேரே, பெட்டிக்குள் அளந்து வைத்தது போல ஒரு புள்ளடி. மற்ற எட்டுப் பெயருக்கும் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்மணி மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தாராம். உங்கள் கணவர்மேல் யாருக்கோ மிகுந்த கோபம் போலிருக்கிறது என்றாராம்.

சீட்டில் ‘விரும்பும் பெயர்களுக்கு நேரே சரிக் குறி போடவும்’ என்றுதான் இருந்தது. முன்பெல்லாம் இந்த நாட்டில் வேண்டாத வேட்பாளரின் பெயரை வெட்டித்தான் வாக்குப் போடுவார்களாம். அதைச் செய்து பழகியவர் அந்தப் பெண்மணி. அவர் கண்ணுக்கு என்னுடைய முப்பதுக்கும் மேற்பட்ட வாக்குகள், யார் வந்தாலும் சரி, இந்த ஆள் மட்டும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தன.

மனைவி விளக்கியிருக்கிறாள். எங்கள் நாட்டில் இதுதான் வாக்கு என்று எழுதிக் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண்மணி பொறுமையாகக் கேட்டு, யாரையோ தொலைபேசியில் கூப்பிட்டு ஆலோசனையும் கேட்டிருக்கிறார். இரண்டு தாள்தான் காரியத்தைக் கெடுத்தது. அவற்றில் வேறு ஐந்து பேருக்குச் சரி போட்டு, என் பெயருக்குப் புள்ளடி போட்டிருந்தது. அந்த இரண்டும் சந்தேகமில்லாமல் என்னை வேண்டாம் என்றவை. அதே குறி ஒரு தாளில் வேண்டாம் என்றால், இன்னொரு தாளில் வேண்டும் என்று தான் எப்படி முடிவு செய்வது என்று அவர் கேட்டாராம். ஐந்து பேருக்குப் புள்ளடி போட்டிருந்தாலாவது எண்ணம் விளங்கியிருக்கும், ஒரே ஒன்று இருப்பதால் இரண்டு பக்கமும் வாசிக்கலாம் என்றாராம். எல்லாவற்றையும் தனியே எடுத்து வைத்துவிட்டார். அவற்றைச் சேர்த்திருந்தால் நான் மூன்றாவது ஆளாகத் தெரிவாகியிருப்பேன்.

அநியாயம் என்று மேல்முறையீடு எழுதப் பேனையை எடுத்தேன். இரண்டு வரி எழுதியும்விட்டேன்.

“ஆரைப் பிழை சொல்லி எழுதப் போறியள்?” என்று கேட்டாள் மனைவி.

அந்த நேரம் பார்த்து மகள் தலையைத் தூக்கினாள். முன்னால் அவளுடைய எழுத்துப் பரீட்சைத் தாள் கிடந்தது, சிவப்பில் நாலைந்து புள்ளடிகளோடு. “க்ராஸ் எண்டால் ரோங், அப்பா” என்றாள். பல நாளைக்குப் பிறகு அவளாக வாய் திறந்து சொன்ன முதல் விஷயம் அது. எங்கள் ஊர் வாத்தியாரும் பிழைக்குப் போட்டது இதே குறியைத்தான். அது என் மனத்தில் படவே இல்லை. ‘இவருக்குத்தான்’ என்று எழுதிய அந்த மனிதனை நினைத்தேன். அவனுடைய தாள் என் கையில் இருந்தபோது நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இந்தப் பெண்மணி தொலைபேசியாவது எடுத்துக் கேட்டிருக்கிறார். பேனையை மூடி வைத்தேன்.

இத்தோடு முடித்திருந்தால் நான் வெறும் முட்டாள். அதற்குப் பிறகு செய்தது முட்டாள்தனத்தைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது தமிழ்ப் பெற்றோர் இரண்டு பேர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் ஒற்றுமையாகப் போட்டோம், பிறகு எப்படித் தோற்பீர்கள், இவர்கள் எங்களை உள்ளே விட மாட்டார்கள் ஐயா, எண்ணும்போது ஏதோ செய்துவிட்டார்கள் என்றார் ஒருவர். நான் மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தலையை மெல்ல ஆட்டி, கீரைக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது போதும். அடுத்த நாளே பதினேழு வீட்டுக்கும் கதை போய்விட்டது. அலுவலகத்துப் பெண்மணி வாக்குகளை மறைத்துவிட்டார் என்ற அளவுக்கு அது வளர்ந்தது. சில தாய்மார் அவருக்குக் காலை வணக்கம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு அது வசதியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அந்தச் சனிக்கிழமை இருமல் என்று சொல்லித் தமிழ் வகுப்புக்குப் போகவில்லை. மனைவி இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் கொடுத்தாள். இல்லாத இருமலுக்கு இஞ்சித் தேநீர் குடிப்பது கஷ்டமான காரியம். அடுத்த சனிக்கிழமையும் நான் இருமத் தொடங்கியபோது அவள் தேநீர் கொண்டுவரவில்லை. நான் எழுதிய வேட்பாளர் பக்கத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

“முடிவெடுத்தவை முன்னுக்கு வந்து நிண்டு பதில் சொல்லவேணுமெண்டு எழுதினது நீங்கள்தானே” என்றாள். நான் சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

அதே மண்டபம், அதே கரும்பலகை. எல்லோரையும் உட்காரச் சொன்னேன். எனக்காக இரங்கப் போகிற முகத்தோடு உட்கார்ந்தார்கள். யாரும் எதையும் மறைக்கவில்லை, தாளில் சரி போடச் சொல்லியிருந்தது, நான் வாசிக்கவில்லை, வாசிக்காமலே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், எனக்கு மட்டும் போடச் சொன்னதால் அது இன்னும் கெட்டது, உங்கள் எல்லோருடைய வாக்கையும் செல்லாமல் ஆக்கியது நான்தான் என்றேன். சந்தையில் வாய் மூடி நின்றதையும் சொன்னேன். அந்தப் பெண்மணிமேல் ஒரு பிழையும் இல்லை என்றேன். சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. சந்தையில் என் கையைப் பிடித்தவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையில் இருந்து அந்தப் பெண் எழுந்தார்.

“நான் வாசிச்சனான்” என்றார். “சரி போடச் சொல்லித்தான் கிடந்தது. நீங்கள் சொன்னபடியால் புள்ளடி போட்டனான்.”

அப்படியென்றால் ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று கேட்டேன்.

“கேக்கத்தான் போன் எடுத்தனான். நீங்கள் வைச்சிட்டியள்.” கோபமில்லாமல்தான் சொன்னார். “உங்களிட்ட ஆர் ஐயா கேள்வி கேக்கிறது?”

அவர் உட்கார்ந்த பிறகு இன்னும் இரண்டு பேர் தாங்களும் அந்த வரியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஐயாவுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டார்களாம். இவர்களுக்கு ஆங்கிலம் வராது, நான் இல்லாவிட்டால் ஒரு தாளும் நகராது என்று எத்தனை சனிக்கிழமைகளாக நம்பியிருக்கிறேன். பதில் சொல்லாத சபை ஒன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று டை கட்டிக்கொண்டு போனவன் நான். என் சமையலறை மேசையிலும் ஒன்று இருந்திருக்கிறது. அதில் நான் ஒருவன்தான் அங்கத்தவன்.

வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது. அந்தப் பெண் விடவில்லை. வாக்கு போனது போகட்டும், அறைக்கு என்ன வழி என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அந்த மண்டபத்தில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மனைவிக்குத்தான் தெரிந்திருந்தது. சபைக் கூட்டத்துக்கு எந்தப் பெற்றோரும் போய் உட்காரலாம், நாள் அலுவலகக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது என்று வாக்கு எண்ணிய பெண்மணி அவளிடம் சொல்லியிருந்தார்.

அடுத்த கூட்டத்துக்கு ஏழு பேர் போனோம். ஆசிரியர்கள் தேநீர் குடிக்கும் அறையில், தாழ்ந்த நாற்காலிகளில் சபை கூடியிருந்தது. நான் மனத்தில் வைத்திருந்த முகங்கள் அங்கே இல்லை. தலைவர் ஒரு பிளம்பர், வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். ஒரு நர்ஸ். தெருமுனையில் டெய்ரி என்கிற சில்லறைக் கடை வைத்திருக்கிறவர், நான் தினமும் பாலும் பாணும் வாங்கும் கடைக்காரர், என்னைப் பார்த்ததும் கை காட்டினார். எங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று தலைவர் கேட்டார். பழக்கத்தில் நான் அரைவாசி எழுந்துவிட்டேன். அந்தப் பெண் எனக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

அவருடைய ஆங்கிலம் சின்னச் சின்ன வசனமாக வந்தது. எங்கள் பிள்ளைகளின் அறையை எடுத்தீர்கள், எங்களை ஏன் கேட்கவில்லை என்றார். தலைவர் சங்கடப்பட்டார். சென்ற வருடக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிய நியூஸ்லெட்டரில் அதைப் பற்றி எழுதி, கருத்துக் கேட்டிருந்தோம், ஒருவரும் பதில் எழுதவில்லை என்றார். எனக்கு அந்த மஞ்சள் தாள்கள் ஞாபகம் வந்தன. எங்கள் வீட்டில் அவற்றைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் விரித்திருந்தோம்.

அந்தப் பெண் உட்காரவில்லை. பிறகு, நாங்கள் வாசிக்காதது எங்கள் பிழை, வாசிக்க முடியாதவர்களைத் தாளில் கேட்டது உங்கள் பிழை, இப்போது நேரில் வந்திருக்கிறோம், கேளுங்கள் என்றார். பிளம்பர் தன் பேனையைத் திறந்தார். கேட்கத் தொடங்கினார். எத்தனை பிள்ளைகள், எந்த நேரம், வேறு மொழிக்காரப் பெற்றோரை எப்படிக் கூப்பிடலாம் என்றெல்லாம் கேட்டார். அன்றைக்கு நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை.

இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு காலை இரண்டு மணி நேரம் திரும்பக் கிடைத்தது. கம்ப்யூட்டர்கள் சுவரோரம் ஒதுங்கின, பழைய ஆசிரியையே வந்தார். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. வருடம் முடிவதற்குள் மகள் என் ஆங்கில உச்சரிப்பைத் திருத்தத் தொடங்கிவிட்டாள், இன்னும் நிறுத்தவில்லை. அலுவலகத்துப் பெண்மணியிடம் போய், அவரைப் பற்றி எங்களுக்குள் உலவிய கதையையும் அதற்கு நான் இடம் கொடுத்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எதற்காகத் தாய்மார் முகத்தைத் திருப்பினார்கள் என்று இப்போதுதான் விளங்குகிறது என்றார். சனிக்கிழமைகளில் தாள்கள் இப்போதும் எங்கள் மேசைக்கு வந்தன, குறைவாக. வந்தவர்களை முதலில் அவர்களையே வாசிக்கச் சொன்னேன்.

மூன்று வருடம் கழித்து அடுத்த தேர்தல் வந்தபோது அந்தப் பெண் நின்றார். வேட்பாளர் பக்கத்தை நான் எழுதித் தரவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். தமிழ் வகுப்பில் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. தாளை வாசித்து, விளங்காவிட்டால் ஆரிடமாவது கேளுங்கோ என்று மட்டும் சொன்னார். என்னிடம் ஒரே ஒரு உதவி கேட்டார். வாக்கு எண்ணும்போது தன் சார்பில் நான் போய் இருக்க வேண்டும்.

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அதே நூலகம், அதே பெண்மணி, தலை இன்னும் நரைத்திருந்தது. தாள் தாளாகச் சரிகள் வந்தன. பாதிக்கு மேல் எண்ணிய பிறகு ஒரு தாளில் அவர் கை நின்றது. அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே, பெட்டிக்குள் கச்சிதமாக ஒரு புள்ளடி. வேறு குறி இல்லை. கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். வேண்டும் என்றதா, வேண்டாம் என்றதா, எனக்குத் தெரியாது என்றேன். அவர் அதைத் தனியே எடுத்து வைத்தார். நான் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் எதையோ மனதார விரும்பித்தான் அதைப் போட்டிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். தெரிவாகிவிட்டார், இரண்டாவது இடம் என்றேன். சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, செல்லாத வாக்கு எத்தனை என்று கேட்டார். ஒன்று என்றேன், உங்கள் பெயருக்கு நேரே ஒரு புள்ளடி என்றேன்.

“அது உங்கட இல்லைத்தானே, அண்ணை?” என்று கேட்டார்.

“இல்லை, நான் இந்த முறை வாசிச்சனான்” என்று பதில் சொன்னேன். அவர் வைக்கும்வரை நான் தொலைபேசியை வைக்கவில்லை.